ஆண்டவர் பேரில் சொன்னாலும் பொய் பொய்தான்

ஆப்கானிஸ்தானில் நாளை மதியம் 229 மிஷனரிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்போகிறார்கள், உடனே ஜெபம் செய்யுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள் என்ற செய்தி எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு மறுபடியும் வந்துவிட்டது. சாயல்குடி பஜாரில் கடை வைத்திருப்பவர் முதல் சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வரை கைகூப்பும் படத்தைப் போட்டு ஆமென் சொன்னார்கள். பல ஆண்டுகளாக உலகமெங்கும் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி இது. அதில் தேதி கிடையாது. எப்போது படித்தாலும் ‘நாளை மதியம்’தான். 2021-ல் தாலிபான்கள் காபூலைப் பிடித்தபோது புதுவேகம் எடுத்துக் கிளம்பியது. செய்திகளைச் சரிபார்க்கிறவர்கள் பலமுறை பொய்யென்று காட்டிவிட்டார்கள்.

அந்த நாட்டில் உண்மையாகவே நடந்தது ஒன்று உண்டு. 2007 ஜூலையில், தென் கொரியச் சபை ஒன்றிலிருந்து சேவைக்குப் போயிருந்த 23 பேரைத் தாலிபான்கள் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மற்ற 21 பேரும் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையானார்கள். செத்துப்போன அந்த இருவருக்காக எங்கள் குழுவில் யாரும் ஜெபித்ததாக எனக்கு ஞாபகமில்லை. இல்லாத 229 பேருக்காக வருஷா வருஷம் ஜெபிக்கிறோம்.

இது பொய்ச் செய்தி என்று குழுவில் எழுதினேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு தங்கச்சி என்னை நிறுத்தி, “டீச்சர், பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். ஜெபம் பண்ணுறதுல யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்டாள். நல்ல மனசோடு கேட்ட கேள்வி. அவளுக்கு அங்கே நின்று சொன்ன பதிலை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நட்டம் நம் பக்கத்து வீட்டுக்காரருக்கு. சாயல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் பக்கம் போனால் வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை என்று வரிசையாக முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். ஏர்வாடி சந்தனக்கூடுக்கு எங்கள் பக்கத்திலிருந்து எல்லாச் சாதியாரும் போவார்கள். நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் பலர். அந்த மக்களின் மதத்தின் பேரில் கொலைப்பழி சுமத்தும் ஒரு கட்டுக்கதையை, ஜெபம் என்ற உறையில் போட்டு, நம் கையாலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அடுத்தவனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. எங்கள் கணக்கில் ஒன்பதாவது, கத்தோலிக்கர் கணக்கில் எட்டாவது. எண் மாறினாலும் கட்டளை ஒன்றுதான். விரலால் தட்டி அனுப்பினால் அது பொய்ச்சாட்சியில் சேராது என்று எந்த வேதத்திலும் விலக்குக் கொடுக்கப்படவில்லை.

நட்டம் இன்னொரு கூட்டத்தாருக்கும் உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸ் பாதிரியாரையும் அவருடைய இரண்டு சின்ன மகன்களையும் வண்டியோடு வைத்து எரித்தார்கள். 2008-ல் அதே ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களின் வீடும் கோயிலும் எரிந்து, ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடி உயிர்பிழைத்தார்கள். இவை நீதிமன்றம் வரை போன, சாட்சியும் ஆவணமும் உள்ள உண்மைகள். பொய்யான பாடுகளை நாம் பரப்பப் பரப்ப, மெய்யாகப் பாடுபட்டவர்களின் கதையையும் ‘இதுவும் வாட்ஸ்அப் கதைதானே’ என்று ஊர் ஒதுக்கிவிடும். அந்த விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் துரோகம் அது.

வேதாகமத்தில் யோபுவின் கதை எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருப்பவரிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் கடவுள் இப்படித் தண்டிப்பாரா என்று வாதாடுகிறார்கள். அவர்கள் கடவுளின் பக்கம் நின்றுதான் பேசுகிறார்கள். யோபு அவர்களைத் திருப்பிக் கேட்கிறார்: கடவுளுக்கு வக்காலத்து வாங்குவதற்காக நீங்கள் பொய் பேசுவீர்களா என்று. கதையின் கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் விழுகிறது. கேள்வி கேட்ட யோபு பேசியதே சரி என்று தீர்ப்பாகிறது. இந்தப் பகுதியை வைத்து எங்கள் பக்கம் நடந்த பிரசங்கத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

சரிபார்ப்பது அவிசுவாசம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் பெரோயா ஊர்க்காரர்களை என்ன செய்வது? பவுல் அப்போஸ்தலரே வந்து பிரசங்கித்தபோது, இவர் சொல்வது வேதத்தில் அப்படியே இருக்கிறதா என்று தினமும் ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். நடபடிகள் புத்தகம் அதற்காக அவர்களைப் பாராட்டுகிறது. சென்னையில் யார் பேரில் மலையும் கோயிலும் இருக்கிறதோ அந்தத் தோமா, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். ஆண்டவர் அவரைச் சீஷர் கூட்டத்திலிருந்து தள்ளவில்லை. கையை நீட்டச் சொன்னார். பவுலையே சோதித்துப் பார்க்கலாமென்றால், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத ஒரு செய்தியைச் சோதிப்பதற்கு என்ன தடை?

பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு நடத்தியவள். அதனால் எங்கள் மாவட்டத்தின் பெரிய கிறிஸ்தவக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். திருவாடானை வட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டு இறந்தவர் அருளானந்தர். லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் அவர்; காவி கட்டி, சைவ உணவு உண்டு, தமிழ் பேசி மறவர் சீமையில் நடந்தவர். அவரை 1947-ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் புனிதராக அறிவித்தார். செம்மண் எடுத்து நெற்றியில் பூச இன்றைக்கும் எல்லா மதத்தாரும் ஓரியூர் போகிறார்கள். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த நானும் போயிருக்கிறேன்.

அவர் சாவுக்குக் காரணமான சம்பவம் இது. தடியத் தேவர் என்ற மறவர் குலப் பிரபு ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். விலக்கப்பட்டவர்களில் இளையவள், மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் அரண்மனையில் போய் அழுதாள். எதிரே நிற்பவர் எவ்வளவு பெரிய இடம், யாருடைய உறவு என்பது பாதிரியாருக்குத் தெரியாததல்ல. நிபந்தனையைக் கொஞ்சம் மறைத்துச் சொல்லியிருக்கலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதற்காகச் சேதுபதியிடம் பிடிபட்டு, ஓரியூர்ச் சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடிதம் எழுதிவைத்துவிட்டு வெட்டுப்பாறைக்கு நடந்தார்.

இந்த அளவு நம் மேடைகளில் வந்துவிடும். வராத பாதி ஒன்று இருக்கிறது. 1686-ல் இதே அருளானந்தரைப் பிடித்து, மனதில் இல்லாததை வாயால் சொல் என்று கொடுமைப்படுத்தினார்கள். அவர் சொல்லவில்லை. அப்போது அவரை ராமநாதபுரத்துக்கு வரவழைத்து, அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு, இனி என் சீமையில் பிரசங்கிக்காதே என்ற நிபந்தனையோடு உயிரோடு அனுப்பிவைத்தவரும் கிழவன் சேதுபதிதான். கீழக்கரை வள்ளல் சீதக்காதியை நண்பராகக் கொண்டவர் அவர். ராமநாதபுரத்தில் கற்கோட்டை எழுப்பியவர். தடியத் தேவர் அரியணைக்கு உரிமை கோரக்கூடிய குடும்பத்தவர் என்றும், அந்த மதமாற்றத்தில் சேதுபதிக்கு அரசியல் பயமும் கலந்திருந்தது என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பண்டிகை நாடகங்களில் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து, காரணமே இல்லாமல் தலையை வெட்டு என்று கத்தும் சேதுபதி வரலாற்றில் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப சேதுபதி நல்லவரா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். அவர் ஒரு ராஜா, கொன்றது குற்றம், முதலில் விட்டதும் உண்மை, இரண்டையும் எழுது என்றேன். ஓரியூரில் இறந்தவர் உண்மையை மறைக்க மறுத்து இறந்தவர். அவர் கதையைப் பாதி மறைத்துச் சொல்வது அவருக்கே அடுக்காது.

உண்மைக்கு விலை கொடுத்தவர்கள் அந்தக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. வேம்பாரைத் தாண்டித் தெற்கே போனால் தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம். 2020 ஜூனில் அங்கே ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு, கோவில்பட்டியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு புரண்டு தாங்களே காயம் ஏற்படுத்திக்கொண்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடைகளின் கேமரா வேறு காட்டியது. விடிய விடிய அடித்தார்கள் என்று நீதித்துறை நடுவரிடம் சொன்னவர் அதே நிலையத்தில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி. சுற்றிலும் சக காவலர்கள் இருக்க, தன் வேலையையும் தன் குடும்பத்தின் பாதுகாப்பையும் பணயம் வைத்துச் சொன்னார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. இறந்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் எங்கள் சபைகளில் அழுது ஜெபித்தோம். ஆனால் அந்த இரவின் உண்மையை வெளியே கொண்டுவந்தது நம் கூட்டத்து ஊழியர் யாரும் இல்லை, ஒரு பெண் காவலர். அவர் என்ன மதம் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் தேவையில்லை.

எல்லோருக்கும் அத்தனை பெரிய சோதனை வருவதில்லை. எங்கள் பக்கத்துப் பனங்காட்டில் சோதனை சீனி மூட்டையாக வந்து இறங்குகிறது.

நான் பனையேறி வீட்டுப் பிள்ளை. மாசி பங்குனியில் பாளை விட்டதும் சீசன் தொடங்கிவிடும். அப்பா இருட்டோடு எழுந்து, காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் அருவாப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மரம் ஏறிவிடுவார். பாளை நுனியைக் காகிதம் போலச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும், கூடிப்போனால் கருப்பட்டி காறும். அளவு அவர் விரலுக்குத் தெரியும். இறக்கிய பதநீரை அம்மா விடிலிக் குடிசையில் காய்ச்சுவாள். காய்ந்த ஓலையும் கருவேல விறகும் எரியும். நுரை பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், பொங்கல் அடங்கிவிடும். கடைசியில் துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் பதம். சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. அடுப்புக்குள்ளேயே நாள் முழுக்கக் குனிந்து கிடந்தவளுக்குக் கண்ணும் இடுப்பும் போனது. அத்தனை பாட்டுக்கும் கிடைப்பது சில கிலோதான்.

இன்று சீனி கிலோ நாற்பது, நாற்பத்தைந்து ரூபாய். அசல் கருப்பட்டி 300 ரூபாய்க்கு மேல். இந்த இடைவெளிக்குள்தான் பொய் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. கொதிக்கும் பதநீரில் சீனியைக் கொட்டினால் கருப்பட்டி இரட்டிக்கிறது. பதநீரே இல்லாமல், பழைய கருப்பட்டிக் கழிவையும் சீனியையும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுகிறவர்களும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் கிட்டங்கிகளில் புகுந்து சீனி மூட்டைகளைப் பறிமுதல் செய்வது அடிக்கடி வரும் செய்தியாகிவிட்டது. சீசன் தொடக்கத்தில் முன்பணத்தோடு சீனி மூட்டையையும் வியாபாரியே விடிலியில் இறக்கிவிட்டுப் போவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கடன் வாங்கியவன் வேண்டாமென்று சொல்ல முடியாது. பனையேறியை மட்டும் குற்றவாளியாக்கிப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. மரமேற ஆளில்லாமல், விழுந்தால் கேட்க நாதியில்லாமல் கிடக்கும் தொழில் அது. குறைந்த விலைக்கு அசல் வேண்டும் என்று பேரம் பேசும் வாங்குகிறவருக்கும் இந்தப் பொய்யில் பங்கிருக்கிறது.

ஆனாலும் பொய் பொய்தான். பெரியமனுஷியான பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டவும், பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கவும் நம்பி வாங்கிப்போகிறார்கள். சர்க்கரை நோயாளிகள் இது ஒன்றும் செய்யாது என்று நம்பி வாங்குகிறார்கள். அசல் கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், அதைத் தின்றாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்பதை அசல் விற்கிற எங்கள் சனங்களே சொல்வதில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்து ஏலம் விடுவார்கள். ஆடு, கோழி, மிளகாய் வற்றல், கருப்பட்டி. ஒரு பண்டிகையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி வந்திருந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, வாழ்நாளெல்லாம் காய்ச்சியவள், ஒன்றை எடுத்து உடைத்தாள். உடைந்த இடம் பளபளவென்று மின்னியது. ஒரு துணுக்கை வாயில் போட்டாள். கடலோரப் பனைக்கு இருக்கும் லேசான உப்புக் கரிப்பு அதில் இல்லை போலிருக்கிறது. “இது சீனி” என்றாள். ஏலம் கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பண்டிகை நாளில் எதற்கு வம்பென்று யாரோ சொல்ல, ஏலம் தொடர்ந்தது. அந்தப் பாட்டி பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நடபடிகள் புத்தகத்தில் அனனியா, சப்பீராள் என்ற கணவன் மனைவி நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துக்கொண்டு, மிச்சத்தை முழுப்பணம் என்று சொல்லி அப்போஸ்தலர் காலடியில் வைத்தார்கள். பேதுரு அவர்களைக் கண்டித்தது பணத்துக்காக அல்ல. நிலமும் உன்னுடையது, பணமும் உன்னுடையது, பாதிதான் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்பதே அவருடைய பேச்சின் சாரம். எங்கள் கருப்பட்டிக்கும் அதுதான் நியாயம். சீனி கலப்பவன் கலந்தது என்று எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும். காணிக்கை கொஞ்சமாக இருந்தால் கொஞ்சமாகவே இருக்கட்டும். சீனியை அசல் என்று பலிபீடத்தின் முன் வைப்பதும், கட்டுக்கதையை ஜெபக்குறிப்பு என்று குழுவில் வைப்பதும் ஒரே பாவம்.

எங்கள் ஐயர்மாரிடமும் பங்குத்தந்தையரிடமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சீசனுக்கு முன்னால் ஒரு ஞாயிறு இந்தக் கட்டளையை எடுத்து, வாட்ஸ்அப்பையும் கருப்பட்டியையும் பெயர் சொல்லிப் பிரசங்கியுங்கள். குழுவில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் யார் பார்த்தது, எந்த ஊர், எந்தத் தேதி என்று கேட்கும் பொறுப்பை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விடிலியில் நிற்கும் பெண்ணைப் பிடிப்பதற்கு முன்னால், அவளுக்குச் சீனி மூட்டை இறக்கியவரைப் பிடிக்கட்டும். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அசல் சரக்கைக் கட்டுப்படியாகும் விலைக்கு நேராகக் கொள்முதல் செய்தால், முன்பணத்துக்காக வியாபாரியிடம் கைநீட்ட வேண்டிய நிலை பனையேறிக்கு இருக்காது.

வருகிற ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கருப்பட்டி கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சீனி இருந்தால் ‘சீனி கலந்தது’ என்று ஓலைப்பெட்டியில் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். அந்தப் பெட்டியை ஏலம் கேட்க நான் வருகிறேன்.